எஃப்.பி.ஜி.ஏ. படித்தால் வேலை கிடைக்குமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இசிஇ மூன்றாம் வருடம் படிக்கிற பெண் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகாமல் எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய சிப்) போர்டோடு உட்கார்ந்திருக்கிறாள், கேட்டால் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குப் போகணும் என்கிறாள், இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். போடும். ஆனால் அவள் எவ்வளவு ஆழமாகக் கற்கிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த செர்னில், ஜெனிவா பக்கத்தில் பூமிக்கடியில் 27 கி.மீ. சுற்றளவுள்ள வளையத்தில் 25 நானோ விநாடிக்கு ஒருமுறை புரோட்டான் கொத்துகள் மோதவிடப்படுகின்றன. அங்குள்ள சிஎம்எஸ் சோதனையில் முதல் வடிகட்டலுக்குப் பிறகும் நொடிக்குச் சுமார் 1 லட்சம் மோதல்களின் பதிவுகள் மிஞ்சும். அவற்றைக் கம்ப்யூட்டர்களிடம் கொண்டு சேர்க்க, 10 ஜிகாபிட் ஈதர்நெட்டுக்கான டிசிபியையே (தரவு தொலையாமல் போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் நெட்வொர்க் விதிமுறை) எஃப்.பி.ஜி.ஏ.வுக்குள் எழுதிவிட்டார்கள். தரவு ஒரே திசையில்தான் போகிறது என்பதால் தேவையில்லாததை வெட்டி எளிமையாக்கினார்கள். எதை வெட்டலாம் என்று தெரிய டிசிபி தலைகீழ்ப் பாடமாக இருக்க வேண்டும், இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் அதுதான்.

சரி, உங்கள் பெண் என்ன செய்ய வேண்டும்? எல்இடி மினுக்குவது போதாது. ஜிகாபிட் ஈதர்நெட் உள்ள போர்டிலிருந்து லேப்டாப்புக்கு யுடிபி பாக்கெட் (போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காமல் அனுப்பும் தரவுப் பொட்டலம்) அனுப்பட்டும், ஒவ்வொன்றிலும் வரிசை எண் வைக்கட்டும். 1500 பைட் பாக்கெட் என்றால் முழு வேகத்தில் நொடிக்கு 81 ஆயிரத்துக்கு மேல் போகும். நெட்வொர்க்கில் வருவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் முதல் சில பாக்கெட்டைப் பார்த்ததும் வரும் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான், அப்புறம் எண்ணிப் பார்த்தால் 40212-க்கு அடுத்து 40259 நிற்கும். பெரும்பாலும் கேபிள் மேல் தப்பிருக்காது, லேப்டாப்பின் பஃபர் (வந்த தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பி வழிந்திருக்கும். பஃபரைப் பெரிதாக்குவதா, 9000 பைட் பாக்கெட்டுக்கு மாறுவதா, தொலைந்ததைத் திரும்ப அனுப்ப போர்டில் நினைவகம் ஒதுக்குவதா என்று அவளே மோதித் தெரிந்துகொள்ளும் அந்தச் சில வாரங்கள் எந்தச் சான்றிதழ் கோர்ஸிலும் கிடைக்காது.

ஆராய்ச்சிக் கூடங்களில் இடம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதே திறமையை டெலிகாம், சிப் வடிவமைப்பு, ராடார், பங்குச்சந்தை வர்த்தக நிறுவனங்கள் எல்லாமே தேடுகின்றன, அதனால் இயற்பியலா சம்பளமா என்று இப்போதே முடிவு கட்டத் தேவையில்லை. செர்னே வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது: 2017 முதல் இந்தியா அங்கே இணை உறுப்பு நாடு, நம் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். புனே அருகே ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியிலும் 30 ஆன்டெனாக்களின் தரவை எஃப்.பி.ஜி.ஏ. போர்டுகள்தான் பாக்கெட்டாக்கி ஜிபியு கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகின்றன, இன்டர்ன்ஷிப்புக்கு அங்கேயும் கேட்கட்டும். கேம்பஸையும் விட வேண்டாம், ஆப்டிட்யூடுக்குத் தினம் ஒரு மணி நேரம் போதும்.

முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடினால் கிட்டத்தட்ட 4.9 கோடி பாக்கெட். அதில் எத்தனை தொலைந்தது, ஏன் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்துப் பேசலாம்.