வாசகர் கேள்விகள்: நியூயார்க்கின் இரவு இசைக்கூடங்கள்

கேள்வி: மேற்படிப்புக்காக நியூயார்க் செல்லவிருக்கிறேன். கர்நாடக இசைக் கச்சேரிகளைத் தவிர வேறு எதையும் நேரில் அமர்ந்து கேட்டதில்லை. நைட் கிளப், லவுஞ்ச், ஜாஸ் கிளப் என்று பலவற்றைச் சொல்கிறார்கள். இசைக்காகவே செல்வதென்றால் முதலில் எங்கே செல்லலாம், ஐயா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நைட் கிளப்புக்கு வருபவர்கள் ஆடுவதற்காக வருகிறார்கள். அங்கே பெரும்பாலும் டி.ஜே. ஒருவர்தான் இசையை நடத்துவார். லவுஞ்சில் நண்பர்களோடு அமர்ந்து பேசலாம். பின்னால் ஏதோ ஓர் இசை ஒலித்துக்கொண்டிருக்கும். நீங்கள் தேடுவது இவ்விரண்டுமல்ல. கலைஞர்கள் எதிரே அமர்ந்து வாசிக்க, வந்தவர்கள் வாய் திறவாமல் கேட்கும் சிறிய கூடங்கள் அந்த நகரத்தில் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் நான் முதலில் சொல்வது வில்லேஜ் வேன்கார்டு.

மாக்ஸ் கார்டன் என்பவர் தொடங்கிய இந்தக் கூடம் 1935 முதல் செவன்த் அவென்யூ சவுத்தில், தரைக்குக் கீழே உள்ள அதே நிலவறையில் இயங்கிவருகிறது. தொடக்கத்தில் கவிதை வாசிப்பும் நாட்டுப்பாடல்களும் நகைச்சுவை நிகழ்ச்சிகளுமாக இருந்த இடம், 1950களின் பிற்பகுதியில்தான் முழுமையாக ஜாஸ் கூடமாக மாறியது. அறை முக்கோண வடிவமுடையது. 123 பேர் அமரலாம். மேடை அதன் குறுகிய முனையில் இருக்கிறது. இந்த வடிவத்தாலேயே அங்கே ஒலி அத்தனை தெளிவாக அமைகிறது என்பது கலைஞர்கள் பலரின் கருத்து. சாக்சபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் 1957இலும், பியானோ கலைஞர் பில் எவன்ஸும் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் 1961இலும் அங்கே செய்த நேரடி ஒலிப்பதிவுகளைக் கேட்டால், வாசிப்புக்கு நடுவே கண்ணாடிக் குவளைகள் உரசும் ஓசைகூடக் காதில் விழும். அங்கே பதிவான இசைத்தட்டுகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டும். 1966 முதல் திங்கட்கிழமை இரவுகளில் ஒரு பெரிய வாத்தியக் குழு வாசித்துவருகிறது. முதல் முறை செல்வதற்குத் திங்கட்கிழமையையே தேர்ந்தெடுக்கும்படி சொல்வேன். பதினாறு பேர் அத்தனை அருகில் அமர்ந்து ஒரே மூச்சாக வாசிப்பதைப் பெரிய அரங்கங்களில் நீங்கள் அனுபவிக்கவே முடியாது.

நடைமுறையைப் பொறுத்தவரை, நுழைவுச்சீட்டுக்கு மேல் ஒரு பானமாவது வாங்க வேண்டும். அது மதுவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. முன்னால் வந்தவருக்கு முன்னிருக்கை என்பதால் சற்று முன்னதாகவே சென்றுவிடுங்கள். பரிமாறுபவருக்கு பில் தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை டிப்ஸாகத் தருவது அங்குள்ள வழக்கம். வாசிப்பு நடக்கும்போது பேசுவதும் கைப்பேசியில் படம் பிடிப்பதும் கூடாது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு ஜாஸ் எளிதில் பிடிபடும் என்பது என் நம்பிக்கை. எடுத்துக்கொண்ட மெட்டை முதலில் எல்லோரும் சேர்ந்து வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு ஒவ்வொருவராக அதைத் தம் கற்பனையில் விரித்து, மீண்டும் அதே மெட்டில் வந்து சேர்வார்கள். நிரவலை ரசிக்கத் தெரிந்த உங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பணம் குறைவாக இருக்கும் நாட்களில், அருகிலேயே 1994இல் தொடங்கப்பட்ட ஸ்மால்ஸ் என்னும் இன்னும் சிறிய கூடத்துக்குச் செல்லுங்கள். முதன்மை நிகழ்ச்சி முடிந்த பின் இளம் கலைஞர்கள் கூடி வாசிக்கும் பின்னிரவு அமர்வுகளுக்குப் பேர்போன இடம் அது.

கேள்வி: என் மகன் நியூயார்க் அருகே வேலை பார்க்கிறான். வார இறுதியில் கிளப்புக்குப் போவதாகச் சொல்கிறான். தாயாக நான் எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்குக் கவலைப்பட வேண்டாம்?
– வாசகி, திருச்சி

பதில்: அம்மா, அவர் 21 வயது நிரம்பியவர் என்றால் அங்கே செல்வதில் சட்டப்படி தவறேதும் இல்லை. அதற்குக் குறைந்த வயதினருக்கு அங்கே மது விற்கக் கூடாது என்பதால், வாசலிலேயே அடையாள அட்டையைச் சரிபார்ப்பார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு மேல் மது விற்பனை கிடையாது. 2003 முதல் கூடங்களுக்குள் புகைபிடிக்கவும் தடை இருக்கிறது.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய உறுதிமொழிகள் இரண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. இரவு முழுவதும் ரயில் ஓடும் நகரம் அது என்பதால் அதற்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. இரண்டாவது, பெரும்பாலோர் எண்ணிப் பார்க்காத காது. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கப் பணியிட நல ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள். அதன்படி 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான் கணக்கு. ஆட்டக் கூடங்களின் ஒலிபெருக்கிகள் இந்த அளவை எளிதாக எட்டிவிடும். கேட்கும் திறன் ஒருமுறை இந்த வகையில் போனால் திரும்ப வராது. சில ரூபாய் விலையுள்ள காதடைப்பான்களை அவர் பையில் நீங்களே போட்டு அனுப்புங்கள். அனுபவமுள்ள வாத்தியக் கலைஞர்கள் பலரும் அவற்றை அணிந்து மேடையேறுகிறார்கள்.

கேள்வி: நியூயார்க்கில் பாடுவதற்குப் போலீஸாரிடம் அட்டை வாங்க வேண்டியிருந்ததாக ஒரு நண்பர் சொன்னார். நம்பவே முடியவில்லை. உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: உண்மைதான். 1940 முதல் 1967 வரை, மது விற்கும் கூடங்களில் பாடவோ வாசிக்கவோ பரிமாறவோ விரும்பும் எவரும் காவல்துறையில் கைரேகை பதித்து ஓர் அட்டை பெற வேண்டியிருந்தது. போதைப்பொருள் போன்ற வழக்குகளில் சிக்கியவர்களின் அட்டையைக் காவல்துறை பறித்துவிடலாம், தராமலும் மறுக்கலாம். அது பறிபோனால், அமெரிக்காவிலேயே ஜாஸ் கூடங்கள் மிகுதியாக இருந்த அந்த நகரத்தில் கலைஞர் தம் தொழிலைச் செய்ய முடியாது.

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1947இல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்று, 1948 மார்ச்சில் விடுதலையானார். சில நாட்களிலேயே கார்னகி ஹாலில் அவர் பாடியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. கச்சேரி அரங்குகளுக்கு அட்டை தேவையில்லை என்பதால் அது முடிந்தது. ஆனால், அன்றாடம் பிழைப்புத் தரும் சிறு கூடங்களின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. 1959இல் இறக்கும்வரை அந்த நிலை மாறவில்லை. பியானோ மேதை தெலோனியஸ் மாங்க் 1951இல் அட்டையை இழந்தார். காரில் பிடிபட்ட போதைப்பொருள் அவருடையதல்ல என்றே அவரை அறிந்தவர்கள் சொல்லிவந்தார்கள். உடனிருந்த நண்பரைக் காட்டிக்கொடுக்க அவர் மறுத்துவிட்டார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நகரத்தின் கிளப்புகளில் அவரால் வாசிக்க முடியவில்லை. மனைவி நெல்லி வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கினார். 1957இல் அட்டை திரும்பக் கிடைத்ததும் ஃபைவ் ஸ்பாட் என்னும் கூடத்தில் கோல்ட்ரேனைச் சேர்த்துக்கொண்டு அவர் மாதக் கணக்கில் வாசித்தார். அந்த இரவுகளைக் கேட்க ஊரே திரண்டது. அதே மனிதரின் முப்பதுகளில் ஆறு ஆண்டுகளை ஓர் அட்டை விழுங்கியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. குற்றம் செய்தவருக்குத் தண்டனையை நீதிமன்றம் ஏற்கெனவே விதித்துவிட்ட பிறகு, அவருடைய தொழிலையும் பறிக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு எதற்கு? கைரேகை பதிக்க மனமில்லாமல் பாடகர் பிராங்க் சினாட்ரா அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கவே மறுத்தார். ஆனால் மறுத்துவிட்டும் வாழ முடிந்தவர்கள் அவரைப் போன்ற செல்வந்தர்கள் மட்டுமே.

இந்த அட்டைக்கு வேராக இருந்தது 1926ஆம் ஆண்டின் கேபரே சட்டம். உணவோ மதுவோ விற்கும் இடத்தில் இசையோ நடனமோ நிகழ வேண்டுமானால் தனி உரிமம் வேண்டும் என்றது அது. பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு விலக்கின்படி, மூன்று பேருக்கு மிகாமல் பியானோ, கிட்டார் போன்றவற்றை வாசித்தால் உரிமம் வேண்டியதில்லை. டிரம்பெட், சாக்சபோன், டிரம் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. ஜாஸை ஜாஸாக்கும் கருவிகள் அவைதாம் என்பதை நினைவில் வைத்தால், சட்டத்தின் பாரம் யார் மீது விழுந்தது என்பது விளங்கும். இசைக்கலைஞர் சங்கம் வழக்காடியதால் 1980களின் இறுதியில் இசைக்கான இந்தக் கட்டுப்பாடுகள் நீதிமன்றத்தில் வீழ்ந்தன. ஆடுவதற்கான உரிமம் மட்டும் நீடித்தது.

கேள்வி: காட்டன் கிளப்பில் கறுப்பினத்தவர் மேடையில் மட்டும்தான் இருக்கலாமாமே?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: ஆம். நியூயார்க்கின் ஹார்லெம் அன்று கறுப்பின மக்களின் பகுதி. அங்கே 1923 முதல் 1935 வரை இயங்கிய காட்டன் கிளப்பை நடத்தியவர் கள்ளச்சாராய வணிகத்தில் பெயர்பெற்ற ஓவ்னி மாடன். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் என்பதே அங்கே விதி. 1927இன் இறுதியில் தம் குழுவோடு அங்கே சேர்ந்த பியானோ கலைஞர் டியூக் எலிங்டனின் இசை, வானொலி வழியாக நாடெங்கும் பரவியது. ஆனால் அவர் வாசிப்பதை அக்கம்பக்கத்தார் உள்ளே வந்து கேட்க முடியாது.

அதற்கு மிக அருகிலேயே, 1926இல் திறக்கப்பட்ட சவாய் பால்ரூம் என்னும் நடனக் கூடம் இருந்தது. அங்கே இன வேறுபாடு பாராமல் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். இரண்டு மேடைகள் இருந்ததால் ஒரு குழு நிறுத்தியவுடன் மற்றொன்று தொடங்கும்; இசை இடைவெளியின்றி ஓடும். டிரம் கலைஞர் சிக் வெப்பின் குழுவில் இளம் பெண்ணாகப் பாடவந்த எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு அங்கேதான் புகழ்பெற்றார். 1943இல் ஒழுக்கக்கேடு நடப்பதாகக் குற்றம் சாட்டி அதிகாரிகள் அந்தக் கூடத்தைச் சில மாதங்கள் மூடினார்கள். இரு இனத்தாரும் சேர்ந்து ஆடியதே உண்மைக் காரணம் என்று ஹார்லெம் மக்கள் அப்போதே சொன்னார்கள். இந்த இரண்டு கூடங்களில் காட்டன் கிளப்பின் பெயரே உலகெங்கும் தெரிந்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேள்வி: நம்மவர்கள் யாரேனும் அந்த மேடைகளில் வாசித்திருக்கிறார்களா?
– வாசகர், சேலம்

பதில்: பியானோ கலைஞர் விஜய் ஐயரைச் சொல்லலாம். தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், படைப்பாளிகளுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் மெக்ஆர்தர் நல்கையை 2013இல் பெற்றார், ஹார்வர்டில் கற்பிக்கிறார். வேன்கார்டு மேடையில் வாசித்தவர். அவருடைய தாளக் கணக்குகளில் கர்நாடக இசையின் சாயலை உங்கள் காது கண்டுகொள்ளும்.

கேள்வி: கேபரே சட்டத்தை எதிர்த்தவர்கள், கூடங்களுக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்றார்களா?
– வாசகர், கோவை

பதில்: இல்லை. 1990 மார்ச்சில் பிராங்க்ஸ் பகுதியில் ஹேப்பி லேண்ட் என்னும் உரிமமற்ற கூடத்தில் ஒருவன் பெட்ரோல் ஊற்றி வைத்த தீயில் 87 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஹோண்டுராஸிலிருந்து குடியேறிய இளைஞர்கள். தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை. போதிய வெளியேறும் வழிகள் இல்லை. அதற்கு முன்பே மூடச் சொல்லி ஆணை இருந்தும் அது நடந்துகொண்டிருந்தது. அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது தீயணைப்பு விதிகளை உறுதியாக நிறைவேற்றும் நிர்வாகமே தவிர, ஆடுவதற்கு அனுமதிச்சீட்டு கேட்கும் சட்டமல்ல. ஆனால் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் நகராட்சி அந்தப் பழைய கேபரே சட்டத்தையும் கையிலெடுத்து, வாடிக்கையாளர்கள் சிலர் எழுந்து ஆடியதற்காகச் சிறிய மதுக்கூடங்களுக்கு அபராதம் விதித்தது. உரிமம் பெறும் செலவும் அலைச்சலும் எத்தகையவை என்றால், ஆயிரக்கணக்கான உணவகங்களும் மதுக்கூடங்களும் உள்ள நகரத்தில் 2017இல் கேபரே உரிமம் வைத்திருந்தவை நூறுக்கும் குறைவு.

அந்த ஆண்டின் இறுதியில் நகர மன்றம் சட்டத்தை நீக்கியது. காவற்கேமரா, பாதுகாவலர் போன்ற பாதுகாப்பு விதிகளைப் பெரிய கூடங்களுக்குத் தக்கவைத்துக்கொண்டது. இரவு வாழ்க்கைக்கென நகராட்சியில் ஓர் அலுவலகமும் உருவானது. கூடம் நடத்துபவருக்கும் மேல்மாடியில் உறங்க முடியாமல் தவிப்பவருக்கும் இடையே பேசித் தீர்ப்பது அதன் பணிகளுள் ஒன்று. இவை சரியான நடவடிக்கைகள் என்றே கருதுகிறேன். ஆனால் இவற்றால் தீராத ஒன்று வாடகை. பங்க் ராக் என்னும் ராக் இசை வகை வளர்ந்த சி.பி.ஜி.பி. கூடம் 1973 முதல் பவரி தெருவில் இருந்தது. நில உரிமையாளரோடு ஏற்பட்ட வாடகைத் தகராறில் 2006 அக்டோபரில் அது மூடப்பட்டது. பின்னர் அதே இடத்தில் விலையுயர்ந்த ஆடைக்கடை ஒன்று வந்தது. பழைய கட்டடங்களுக்குப் பாதுகாப்புத் தரும் அந்த நகரம், நீண்ட காலம் இயங்கும் சிறு இசைக்கூடங்களுக்கும் நியாயமான வாடகை ஒப்பந்தத்தை உறுதி செய்ய வேண்டும்.