எழுத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. அவன் ஆசையாகக் கேட்கும் ஆங்கில ராக் பாட்டு ஒன்றைப் பின்னோக்கி ஓட்டினால் சாத்தானைத் துதிக்கும் வரிகள் வருவதாக ஒரு வீடியோ பார்த்திருக்கிறான். எனக்கும் போட்டுக் காட்டினான். எனக்கும் அப்படியே கேட்டது! அன்றிலிருந்து விளக்கை அணைத்தால் தூங்க மறுக்கிறான். அந்தப் பாட்டுகளை அழித்துவிடச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாம் சகோதரி. நீங்கள் அழிக்கச் சொன்னால், ‘அம்மாவே பயப்படுகிறாள், அப்படியென்றால் நிஜம்தான்’ என்று அவன் முடிவு கட்டிவிடுவான்.

உங்களுக்குக் கேட்டது என்கிறீர்கள், நம்புகிறேன். அந்த வீடியோவில் வரிகள் எழுத்தாகவும் ஓடியிருக்குமே? கண் முதலில் படித்துவிடுகிறது. காது அதைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. கனடாவின் ஜான் வோக்கி, டான் ரீட் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்து 1985-ல் எழுதினார்கள். பின்னோக்கி ஓடும் பேச்சைக் கேட்டவர்களால், பேசுவது ஆணா பெண்ணா என்று சொல்ல முடிந்தது. பொருள் மட்டும் பிடிபடவில்லை. ‘இன்ன வாக்கியம் வரும்’ என்று முன்கூட்டியே சொல்லிவைத்தபோதோ, பலருக்கும் அது கேட்டது.

இதை வீட்டிலேயே செய்து பாருங்கள், பகல் நேரத்தில். வீடியோவைப் பார்க்காத ஒருவரை அழைத்து, திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் போட்டு, காதில் விழுவதை எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே ஒலிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வேடிக்கையான வரியை உங்கள் மகனே கட்டட்டும். அதைப் படித்துக்கொண்டே கேட்டால் அதுவும் கேட்கும்.

இன்னொன்று. ‘விகடகவி’ என்று அவன் குரலில் பதிவு செய்து பின்னோக்கி ஓட்டுங்கள். எழுத்தில் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான். ஒலியைத் திருப்பினால் ‘இவகடகிவ்’ என்பது போல ஏதோ வரும், ஏனென்றால் ‘வி’ என்பதே ‘இவ்’ ஆகிவிடுகிறது. ஐந்தெழுத்துக்கே இந்தக் கதி என்றால், முன்னோக்கியும் பின்னோக்கியும் பொருள் தருகிற மாதிரி ஒரு பாட்டு முழுக்க எழுதுவது எத்தனை கடினம் என்று அவனுக்கே புரியும்.

வேண்டுமென்றே பதித்த செய்திகளும் இருக்கின்றன; அதை அவனிடம் மறைக்காதீர்கள். பிங்க் ஃபிளாய்ட் குழு 1979-ல் வெளியிட்ட ‘தி வால்’ ஆல்பத்தில் பின்னோக்கிப் பதித்த பேச்சு ஒன்று, ரகசியச் செய்தியைக் கண்டுபிடித்தவருக்கு வாழ்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான். 1969-ல், ‘பீட்டில்ஸ்’ இசைக்குழுவின் பாடகர் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார், பாட்டுகளில் குறிப்பு இருக்கிறது என்று உலகமே தேடியது. அவர் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மேடையேறிப் பாடினார்.

விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. இரண்டு இளைஞர்களின் துயர முடிவுக்கு ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் பாட்டில் ஒளிந்திருந்த சொற்களே காரணம் என்று அமெரிக்காவில் வழக்கு, 1990-ல் விசாரணை. அந்தக் குழுவின் பாடகர் தங்கள் பாட்டையே பின்னோக்கி ஓட்டி, ‘அம்மா, என் நாற்காலி உடைந்துபோச்சு’ என்பது போன்ற வரிகள் அதில் கேட்பதைக் காட்டினார். குழு மீது பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. அந்தக் குடும்பங்களின் வேதனை நிஜமானது. அதனால் இந்த வழக்கை மகனிடம் சொல்வதானால் நிதானமாகச் சொல்லுங்கள்.

சோதனையெல்லாம் முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆகியும் அவன் தூங்கவில்லை என்றால், பயம் பாட்டைப் பற்றியது மட்டும் இல்லாமல் இருக்கலாம். பள்ளியில், நண்பர்களிடம் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகவும் தயங்காதீர்கள். அதுவரை விளக்கு எரியட்டும், அதற்காக அவனைத் திட்ட வேண்டாம்.