ரேஸ் அண்ணையிடம் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "ஞாயிற்றுக்கிழமை எந்தக் குதிரைக்குக் கட்டலாம்?" அவற்றையெல்லாம் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். மிச்சக் கடிதங்களுக்குப் பதில் இதோ.

சித்திரை விடுமுறைக்குக் குடும்பத்தோடு நுவரெலியா போகிறோம். நேரில் ரேஸ் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்தக் கூட்டத்துக்குள் என்னத்தைப் பார்ப்பது?
– ச.பா., உவர்மலை

முதலில் ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள். நாங்கள் திருகோணமலையில் பங்குனி வெயிலில் வறுபட்டுப் போகிறவர்கள். அந்த ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பின்னேர மழை வந்தால் பல்லுக் கிட்டிவிடும்.

அந்தத் திடலில் 1875இலிருந்து குதிரை ஓடுகிறது. தோட்டத் துரைமார் தொடங்கியது. ஏப்ரலில் கவர்னர்ஸ் கப் நாளன்று பெண்கள் போட்டு வரும் தொப்பிகளைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். முடிவுக் கோட்டுக்கு எதிரே நின்றால் உங்களுக்கும் அந்தத் தொப்பிகள்தான் தெரியும், குதிரை தெரியாது. நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை செய்த பிழை அதுதான்.

இரண்டாம் தடவை கடைசி வளைவுக்குப் போய் நின்றேன். குதிரை ஓட்டுகிற ஜொக்கிமார் முடிவெடுக்கிற இடம் அது. உள் வேலியோரமாக நுழைவதா, வெளியால் சுற்றிப் போவதா என்று ஒரு கணத்தில் தீர்மானிக்க வேண்டும். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துவதும் காதில் விழும். ரேடியோவில் எத்தனை வருடம் கேட்டாலும் அந்தச் சத்தம் வராது.

ஓட்டத்துக்கு முன்னர் குதிரைகளை நடத்திக் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது, பெடொக் என்பார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். முன்கால் பதிந்த அடையாளத்தைத் தாண்டிப் பின்கால் விழுகிறதா என்று வடிவாகப் பாருங்கள். தாண்டி விழுந்தால் குதிரை எட்டிப் போட்டு நடக்கிறது, உடம்பு இளகி இருக்கிறது. பின்தொடைகளுக்கு நடுவில் வெள்ளை நுரையாக வியர்வை கட்டியிருந்தால் அது பயந்துபோயிருக்கிறது. எங்கள் ஊரில் என்றால் வியர்வையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் குளிரில் வியர்த்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

இன்னொன்று, அந்த உயரத்தில் குதிரைக்கும் மூச்சு வாங்கும். தொடக்கத்திலேயே ஆவேசமாக ஓடுகிறதைப் பார்த்துக் கைதட்டி முடிக்காதீர்கள். கடைசி 200 மீற்றருக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

கொழும்பில் ரேஸ்கோர்ஸ் என்று பெயர் இருக்கிறது. போய்ப் பார்த்தால் றக்பி விளையாடுகிறார்கள். குதிரைகளுக்கு என்ன நடந்தது?
– மாணவி, சாம்பல்தீவு

நல்ல கேள்வி மகள். ஆதியில் கொழும்பின் ஓட்டம் காலிமுகத்திடலில்தான் நடந்தது. 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு மாற்றினார்கள், நீங்கள் பார்த்த இடம் அதுதான். உலகப்போர் வந்ததும் குதிரைகளை வெளியேற்றி விமானப்படையை இறக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பான்காரர் கொழும்பைத் தாக்க வந்தபோது அந்தத் திடலிலிருந்து ஹரிகேன் விமானங்கள் எழும்பின. அப்படி ஒரு விமானத் தளம் அங்கே இருந்ததே வந்தவர்களுக்குத் தெரியாது. நாலு நாள் கழித்து, 9ஆம் திகதி, எங்கள் முறை வந்தது. சீனன்குடாவும் துறைமுகமும் அடிவாங்கிய கதையை உங்கள் வீட்டு மூத்தவர்கள் சொல்லியிருப்பார்கள்.

போருக்குப் பிறகு குதிரைகள் திரும்பி வந்து சில வருடம் ஓடின. 1956இல் பண்டாரநாயக்க அரசு வந்ததோடு கொழும்பில் எல்லாம் நின்றுபோனது. இப்போது பழைய பார்வையாளர் மாடம் கடைத்தொகுதி. அங்கே சப்பாத்து வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணிப் பார்ப்பேன்.

ஏழு உடல் நீளத்தில் வென்ற குதிரை அடுத்த ஓட்டத்தில் ஆறாவதாக வருகிறது. இதில் ஏதோ களவு இருக்கிறது என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– மு.ந., கிண்ணியா

களவு எங்கேயும் இருக்கும் தம்பி. ஆனால் முதலில் களவில்லாத காரணங்களைப் பார்த்து முடிப்போம்.

ஏழு நீளத்தில், அதாவது ஏழு குதிரை உடம்பு இடைவெளியில், வென்றால் ஹண்டிகெப் போடுகிறவர், எந்தக் குதிரைக்கு எவ்வளவு பாரம் என்று தீர்மானிக்கிறவர், சும்மா இருப்பாரா? அடுத்த முறை முதுகில் பாரத்தைக் கூட்டுவார். சேணத் துணியில் பைகள் உண்டு, அதற்குள் ஈயத் தகடு வைப்பார்கள். மைல் தூர ஓட்டத்தில் ஒரு கிலோ கூடினால் ஏறக்குறைய ஒரு உடல் நீளம் போச்சு என்று கணக்குப் பார்ப்பார்கள். நாலு கிலோ ஏற்றினால் உங்கள் ஏழில் நாலு அங்கேயே கரைந்துவிடும். அதற்கு மேல் வகுப்பு உயர்ந்திருக்கலாம், தூரம் மாறியிருக்கலாம், தரை நனைந்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது வேகக் கணக்கு: தொடக்கத்தில் எவ்வளவு எரிக்கிறது, கடைசிக்கு எவ்வளவு மிச்சம் என்பது. இதை நான் விளங்கிக்கொண்டது ஷாம் என்ற குதிரையால்.

1973 ஜூன் 9, அமெரிக்காவில் பெல்மொன்ட் ஓட்டம், ஒன்றரை மைல். செக்ரெட்டேரியட் என்ற குதிரை 31 நீளத்தில் வென்றது. 2 நிமிடம் 24 செக்கன். அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் அந்த ஓட்டத்தில் தொடவில்லை. ஜொக்கி ரொன் டர்கொட் தலையைத் திருப்பிப் பார்க்கிற படம் உலகம் முழுக்கப் போனது. ஓடியது ஐந்து குதிரை. ஐந்தாவதாக, கடைசியாக வந்தது ஷாம். முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஷாம் ஒரு கழுதை. ஆனால் ஐந்து வாரத்துக்கு முன்னர் கென்டக்கி டெர்பியில் செக்ரெட்டேரியட்டுக்கு இரண்டரை நீளம் பின்னால் வந்து இரண்டாம் இடம் பிடித்ததும் இதே ஷாம்தான். அன்று புறப்படும் கதவில் வாய் அடிபட்டுப் பல் போன நிலையில் ஓடியது. பெல்மொன்டில் செக்ரெட்டேரியட்டோடு சரிக்குச் சரியாக முன்னால் பறந்தது ஷாம் ஒன்றுதான். மற்ற மூன்றும் பின்னால் இருந்துகொண்டன. பாதித் தூரத்துக்குப் பிறகு ஷாமுக்கு மூச்சு விட்டுப்போனது. அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை.

இதே கணக்கு மறுபக்கமாகவும் வேலை செய்யும். 2022 கென்டக்கி டெர்பியில் ரிச் ஸ்ட்ரைக் வென்றது, விலை எண்பதுக்கு ஒன்று, அதாவது ஒரு ரூபாய் கட்டினால் எண்பது ரூபாய் இலாபம். வேறொரு குதிரை விலகியதால் முந்தின நாள்தான் அதற்கு இடமே கிடைத்தது. அன்று முன்னால் போனவை முதல் கால் மைலை 21.78 செக்கனில் ஓடின. அந்த ஓட்டத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு வேகமான தொடக்கம் இருந்ததில்லை. முன்னால் போனவை எரிந்து முடிந்தன, பின்னால் கிடந்தது உள்வேலியோரமாக ஊர்ந்து வந்து எடுத்துக்கொண்டது. ரிச் ஸ்ட்ரைக் அதற்குப் பிறகு ஒரு ஓட்டமும் வெல்லவில்லை.

அதனால் ரேஸ் பேப்பர் வந்தால் நான் முடிவுகளைக் கீழிருந்து மேலே வாசிப்பேன். முதல் வரி எல்லோருக்கும் தெரிந்த வரி. நாலாவதாக, ஐந்தாவதாக வந்தது எங்கே ஓடியது, யாரோடு மல்லுக்கட்டியது, எந்த இடத்தில் வழி அடைபட்டது என்று பாருங்கள். உங்கள் ஏழு நீளக் குதிரை அன்று யாரும் துரத்தாமல் தனியே முன்னால் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை துரத்த ஆள் இருந்திருக்கும்.

ஓடுவது குதிரை, பெயர் ஜொக்கிக்கு. அவர் வெறும் பாரம்தானே?
– க.இ., சீனன்குடா

பாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணிக்கூடு உள்ள பாரம். ஒவ்வொரு 200 மீற்றரும் எத்தனை செக்கனில் போகிறது என்று நல்ல ஜொக்கிக்கு உடம்பால் தெரியும்.

என் அப்பா கப்பல் திருத்தும் டொக்யாட்டில் பிட்டராக இருந்தவர். வெள்ளைக்கார அதிகாரிகள் வாசித்துவிட்டுப் போடும் பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவருவார். 1954இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை 18 வயதுப் பொடியன் ஒருவன் வென்றான் என்று அதில் வாசித்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொடியன் லெஸ்டர் பிகொட். பிறகு 1983 வரை அதே டெர்பியை மொத்தம் ஒன்பது தடவை வென்றார். ஜொக்கிக்கு அவர் உயரம் கூட, ஐந்தடி எட்டு அங்குலம். அந்த உடம்பைப் பாரத்துக்குள் வைத்திருக்க வாழ்நாள் முழுக்க அரைப்பட்டினி கிடந்தார். எங்களுக்குக் கந்தசஷ்டி ஆறு நாளே பெரிய காரியம்.

பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். 1996 செப்டெம்பர் 28, இங்கிலாந்தின் அஸ்கொட்டில் அன்றைய ஏழு ஓட்டத்தையும் பிராங்கி டெட்டோரி வென்றார். ஏழாவது குதிரை பூஜியாமா கிரெஸ்ட்டின் விலை காலையில் பன்னிரண்டுக்கு ஒன்று. ஓட்டம் தொடங்கும்போது இரண்டுக்கு ஒன்று. கட்டுகிற காசு கூடக் கூட விலை இறங்கும். குதிரை அதே குதிரைதான். காசு விழுந்தது முழுக்க ஜொக்கியின் பெயருக்கு.

பக்கத்து நாட்டில் என்றால் பெசி ஷ்ரோப். ஜொக்கியாக இந்தியன் டெர்பியை எட்டுத் தடவை வென்றவர், இப்போது பயிற்சியாளர். மும்பாய் மகாலட்சுமித் திடல் ஓட்டங்களின் பேப்பர் கையில் கிடைத்தால் அவர் தொழுவத்துக் குதிரைகளைத்தான் முதலில் தேடுவேன்.

பெண்கள் இதில் இருக்கிறார்களா?
– வாசகி, திருக்கடலூர்

இருக்கிறார்கள் தங்கச்சி. 2015 மெல்பேர்ன் கப்பை மிஷேல் பெயின் வென்றார், 3,200 மீற்றர், நூறுக்கு ஒன்று விலையில். அந்தக் கப்பை வென்ற முதல் பெண் ஜொக்கி. 2021இல் இங்கிலாந்தின் கிராண்ட் நஷனலை றேச்சல் பிளக்மோர் வென்றார். மெல்பேர்ன் கப் பார்க்க ஆசையென்றால் நவம்பர் முதல் செவ்வாய், எங்கள் நேரம் காலை ஒன்பதரை. சோறு அடுப்பில் கிடக்கும்போது மூன்றரை நிமிடம் ஒதுக்கினால் போதும்.

நெடுந்தீவுக் குதிரைகளைப் பிடித்து ஓட விட்டால் என்ன?
– ர.த., தம்பலகாமம்

அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த சின்ன உருவங்கள். தண்ணீருக்கே கோடையில் கஷ்டப்படுகின்றன. விடுங்கள், பாவம்.

உங்களைப் போன்ற படித்தவர்கள் சூதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது வெட்கமாக இல்லையா?
– பெயர் போடவில்லை, நகரம்

வெட்கம் கொஞ்சம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1974இல் குதிரைப் பந்தயத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்குப் போய், 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் இது திறமை சார்ந்த விளையாட்டு, சூது அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அந்த நீதிபதிகளுக்கு என் அப்பாவைத் தெரியாது.

அப்பாவிடம் ஒரு ரலி சைக்கிள் இருந்தது. அதை அடகு வைத்து ஒரு இங்கிலாந்துக் குதிரைக்குக் கட்டினார். பந்தயக் காசு வாங்குகிற ஒரு புக்கி கடை, பெயர் வேண்டாம். ராத்திரி ரேடியோவில் அவருடைய குதிரை முதலாவது என்று செய்தி வந்தது. அப்பா அந்த நேரத்திலேயே கடைத்தெருவுக்குப் போய் எங்களுக்கு அப்பமும், அம்மாவுக்குக் கடனுக்கு ஒரு சேலையும் வாங்கி வந்தார். அடுத்த நாள் சீட்டோடு போனால் கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். ஓடி முடித்த பிறகு ஆட்சேபணை எழுந்திருக்கிறது, கடைசி நேரத்தில் பக்கத்துக் குதிரையை இடித்ததாம், முதலிடத்தைப் பறித்து இரண்டாவதாக்கிவிட்டார்கள்.

கடைக்காரரில் பிழை இல்லை. ஜொக்கிமார் இறங்கி, சேணத்தோடு தராசில் ஏறி நிறை பார்த்து, ஆட்சேபணை எல்லாம் முடிந்த பிறகுதான் முடிவு முடிவாகும். அதுவரை சீட்டைக் கிழிக்கவும் கூடாது, சேலை வாங்கவும் கூடாது. அப்பா அதற்குப் பிறகு டொக்யாட்டுக்கு நடந்தே போனார். அம்மா அந்தச் சேலையைக் கடைசிவரை கட்டவில்லை, பெட்டிக்குள்ளேயே இருந்தது.

நான் இன்றுவரை ஒரு ரூபாயும் கட்டியதில்லை. ஆனால் ஓட்டத்தைப் பார்ப்பதை விட முடியவில்லை. கென்டக்கி டெர்பி எங்களுக்கு ஞாயிறு விடியப்புறம் நாலரைக்கு வரும். பேரனின் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுப்பேன். இதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் சரி.

பிழை திருத்தம்

போன இதழில் ஒரு ஃபர்லாங் 220 மீற்றர் என்று எழுதிவிட்டேன். 220 யார் (கெஜம்) என்பதே சரி, மீற்றரில் 201. பாலையூற்று ஆசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தை வெட்டி, சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, பத்துக்கு ஏழு புள்ளி போட்டு அனுப்பியிருக்கிறார்.