டைரக்டர் வேலையப் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சிங்கப்பூர்ல இந்தத் தொழில்ல இருபது வருஷம் ஓடிப்போச்சு. எடிட்டருக்கு அசிஸ்டன்ட்டா உள்ள வந்தவன், இப்ப நாடகம், டாக்குமென்டரி, கம்பெனி வீடியோன்னு எது வந்தாலும் டைரக்ட் பண்றேன். இன்னிக்கு லீவு, கோப்பி கலக்கி வச்சிட்டு உட்கார்ந்துட்டேன், கேளுங்க.

பூன் லே தம்பி: அண்ணே, அடுத்த மாசம் என்எஸ், அதான் தேசிய சேவை, முடியுது. பாலிடெக்னிக்ல ஃபிலிம் படிச்சாத்தான் டைரக்டர் ஆக முடியுமா?

படிச்சா நல்லது, படிக்கலன்னா குடி ஒண்ணும் முழுகாது. நீ ஆன் பாலிடெக்னிக், லசால் கலைக் கல்லூரில படிச்ச பிள்ளைங்களோட வேலை பார்த்திருக்கேன், அவங்களுக்குப் பெரிய லாபம் கூடப் படிச்ச அந்த நாலு பேருதான், ஒருத்தன் கேமரா பிடிப்பான், ஒருத்தி சவுண்ட் பார்ப்பா, பத்து வருஷம் கழிச்சும் கூப்பிட்டா வருவாங்க. ஆனா என்னைக் கேட்டா முதல்ல எடிட்டிங் கத்துக்கப்பா. அடுத்தவன் எடுத்தத வெட்டும்போதுதான் எந்த ஷாட்ட எடுக்காம வந்துட்டான்னு வயிறு எரியும், அந்த எரிச்சல்தான் பாடம்.

நான் வெட்டின ஒரு சீன்ல அம்மாவும் மகளும் சமையல்கட்டுல சண்டை போடுவாங்க. நடிப்பு அவ்வளவு அருமை. ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்த ஷாட்ல அம்மாவோட பொட்டு நெத்தி நடுவுல இருக்கு, சாப்பிட்டு வந்த பிறகு புருவத்துக்கிட்ட இறங்கிடுச்சு, முகம் கழுவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்காங்க, யாரும் பார்க்கல. மாத்தி மாத்தி வெட்டினா பொட்டு மேலயும் கீழயும் குதிக்குது. மகள் சும்மா கேட்டுக்கிட்டு நிக்கிற குளோசப் ஒண்ணு இருந்திருந்தா அது மேல அம்மா குரல ஓட்டித் தப்பிச்சிருக்கலாம், எடுக்கவே இல்ல. நல்ல வசனம் பாதி குப்பைக்குப் போச்சு. அன்னிலேருந்து, கேட்டுக்கிட்டிருக்கறவங்க முகத்த எடுக்காம நான் பேக்கப் சொன்னதில்ல.

செங்காங் அக்கா: எனக்கு 41 வயசு, அக்கவுன்ட்ஸ் வேலை. இனிமே ஆரம்பிச்சா சிரிப்பாங்களா?

சிரிக்கட்டும்க்கா. நம்ம டைரக்டர் கே. ராஜகோபால எடுத்துக்குங்க, 90கள்லயே குறும்படம் எடுத்து பரிசெல்லாம் வாங்கினவரு. 2015ல ஏழு டைரக்டருங்க சேர்ந்து செஞ்ச செவன் லெட்டர்ஸ்ல ஒரு பகுதி எடுத்தாரு, முதல் முழு நீளப் படம் ஏ யெல்லோ பர்ட் 2016லதான் வந்துச்சு, அதுவும் நேரா கான்ஸ் திரைப்பட விழாவுல கிரிட்டிக்ஸ் வீக்ங்கற பிரிவுக்குப் போச்சு. அப்ப அவருக்கு ஐம்பது தாண்டியாச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன், வேலைய விட்டுடாதீங்க, முதல் படம் சனி ஞாயிறுலயே எடுக்கலாம். கணக்குத் தெரிஞ்ச டைரக்டர்னா புரொடியூசர் கையெடுத்துக் கும்பிடுவாரு.

பெயர் வேணாம்: சம்பளம் எவ்வளவு வரும்? உண்மையச் சொல்லுங்க.

முக்கால்வாசி பேருக்கு மாசச் சம்பளமே கிடையாது, புராஜெக்ட்டுக்கு இவ்வளவுன்னு பேசிக்கறதுதான். தமிழுக்குன்னு இருக்கறது வசந்தம் டிவி, அது 2008ல தனிச் சேனல் ஆச்சு, அதுக்கு முன்னாடி சென்ட்ரல்ங்கற சேனல்ல மத்த நிகழ்ச்சிகளோட நேரத்தப் பங்கு போட்டுக்கிட்டு ஓடுச்சு. புரொடக்ஷன் கம்பெனிங்க ஐடியா கொண்டு போவாங்க, ஓகே ஆனா உங்களக் கூப்பிடுவாங்க, இல்லன்னா வீட்லதான். ஒரு நாடகத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நாலு மாசம் ஒண்ணுமில்லாம இருந்திருக்கேன், அப்ப சோறு போட்டது கம்பெனி வீடியோ, கல்யாண வீடியோ. ஒரு கம்பெனி அஞ்சு மாசம் காசு தராம இழுத்தடிச்சது, தப்பு என் பேர்லயும்தான், எழுத்துல எதுவும் வாங்கல. நீங்க ஷூட்டிங்குக்கு முன்னாடியே பாதிய வாங்கிடுங்க. வருஷத்துக்கு 6,000 வெள்ளிக்கு மேல நிகர வருமானம் வந்தா மெடிசேவ், அதான் மருத்துவச் செலவுக்கான சேமிப்புப் பணம், நீங்களே கட்டணும், மறந்துட்டு அப்புறம் மொத்தமா கட்டி முழிக்காதீங்க.

ஈசூன் மாமா: எங்க தாத்தா, மலாய்ப் படமெல்லாம் நம்மாளுங்கதான் எடுத்தாங்கன்னு பெருமையடிப்பாரு. கதையா நெசமா?

நெசம் மாமா, கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பாரு அவ்வளவுதான். ஷா பிரதர்ஸ் ஸ்டூடியோ ஜாலான் அம்பாஸ்ல, பாலஸ்டியர் பக்கம் இருந்துச்சு. மெட்ராஸ்ல பொறந்த எல். கிருஷ்ணன்தான் 1950ல பக்திங்கற மலாய்ப் படத்துல, பின்னாடி பெரிய ஸ்டார் ஆன பி. ரம்லிய ஹீரோவாக்கினாரு. 1957ல போன்தியானாக்ங்கற பேய்ப் படத்த எடுத்தது பி. என். ராவ், அது போட்டி ஸ்டூடியோ கேத்தே கெரிஸ் படம். ஹங் துவா படத்த எடுத்த ஃபணி மஜூம்தாரும் இந்தியாலேருந்து வந்தவருதான். ரம்லி இவங்க செட்லயே நடிச்சு, பார்த்துப் பார்த்துப் பழகி, 1955ல தானே டைரக்ட் பண்ண ஆரம்பிச்சாரு. அதுதான் அந்தக் காலத்து ஃபிலிம் ஸ்கூல்.

தெம்பனிஸ் தங்கச்சி: அண்ணா, எங்க எச்டிபி அடுக்குமாடி வீட்லயே குறும்படம் எடுக்கப் போறோம். எதைப் பார்த்துக்கணும்?

சத்தத்தப் பாரும்மா, படம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் மன்னிப்பாங்க, வசனம் காதுல விழலன்னா எழுந்து போயிடுவாங்க. ஃபேன், ஏர்கான், ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் அணைக்கணும். இங்கதான் நான் ஒரு அக்கா வீட்ல மாட்டிக்கிட்டேன், ஃபிரிட்ஜ மறுபடி போட மறந்து கிளம்பிட்டோம், ராத்திரி ஃபோன், மூணு கிலோ மீன் போச்சு, போதாக்குறைக்கு அவங்க மாமியாருக்கு எடுத்து வச்ச நண்டும். இப்ப ஃபிரிட்ஜ அணைச்ச உடனே என் கார் சாவிய அதுக்குள்ள வச்சிடுவேன், திறக்காம வீட்டுக்குப் போக முடியாதுல்ல. வாய்ட் டெக்ல, அதான் புளோக்குக்குக் கீழ இருக்கற திறந்த தளத்துல, எடுக்கறதா இருந்தா டவுன் கவுன்சில்கிட்ட முன்கூட்டியே அனுமதி கேட்டுடு. பக்கத்துல எம்ஆர்டி மேல ஓடுற இடம்னா நீளமான வசனத்த உடைச்சு எழுது, ரெண்டு ரயிலுக்கு நடுவுல எவ்வளவு பேசலாம்னு ஃபோன்ல டைம் பார்த்துட்டே எழுதலாம், நான் அப்படித்தான் எழுதுறேன்.

பூன் லே தம்பி: கடைசியா ஒண்ணு அண்ணே, பேர் போட்ட டைரக்டர் நாற்காலி உங்களுக்கு இருக்கா?

எங்க செட்ல மடக்கு ஸ்டூல் ஒண்ணு இருக்கு. அதுலயும் சவுண்ட் அண்ணன்தான் உட்கார்ந்திருப்பாரு.