கும்பகோணத்திலிருந்து ஊட்டி: ரயிலா, வாடகைக் காரா?

அம்மாவோடு ஊட்டி போக எது நல்லது என்று கேட்டீர்கள். ரயிலிலேயே போங்கள். மன்னார்குடியிலிருந்து வரும் செம்மொழி எக்ஸ்பிரஸில் ராத்திரி தஞ்சாவூரில் ஏறினால் விடியுமுன் கோவை. அங்கிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம், காலை 7.10க்கு மலை ரயில். அரசு பஸ், ரயிலில் போனால் இ-பாஸே (வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர ஆன்லைனில் வாங்கும் அனுமதி) வேண்டாம்.

வாடகைக் காருக்கு இ-பாஸ் பதிவு பாதியில் நிற்கிறது என்றீர்களே, வண்டி எண் கேட்கும் இடமாகத்தான் இருக்கும். பாஸ் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. முன்பணம் கட்டுமுன் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். மஞ்சள் போர்டா (வாடகை வண்டியின் நம்பர் பிளேட்) என்றும்தான். வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டி என்றால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தகராறு.

ஒன்று மட்டும்: மலை ரயில் 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஏறும். எனக்கு அதுதான் சுகம், ஆனால் உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள், அவ்வளவு நேரம் உட்கார முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரை விடுமுறையில் டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.