குக்கின் நியூசிலாந்து வரைபடம் இன்றைய படத்தோடு ஏன் பொருந்துவதில்லை?

கேள்வி: ஜேம்ஸ் குக் 1769-70-ல் அளந்து வரைந்த நியூசிலாந்து வரைபடத்தின் பிரதியை கூகுள் எர்த்தில் இன்றைய படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். வடதீவைச் சரிசெய்தால் தென்தீவு விலகிவிடுகிறது. தவறு என்னிடமா, படத்திலா? கரையோரம் இருக்கும் சின்ன எண்கள் என்ன?

பதில்: படத்தில்தான். ஆனால் முழுப்படத்தையும் ஒரே இழுப்பில் நகர்த்தினால் அந்தத் தவறு சரியாகாது. இரண்டு தீவுகளையும் தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள்.

காரணம் தீர்க்கரேகை. நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும். அதில் குக் கெட்டிக்காரர். தீர்க்கரேகைக்கு நம்பகமான கடிகாரம் வேண்டும். அந்தப் பயணத்தில் அவர் வந்த எண்டெவர் கப்பலில் அது கிடையாது. நிலவுக்கும் சூரியனுக்கும் அல்லது ஒரு விண்மீனுக்கும் இடையிலான கோணத்தை அளந்து, பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. இரண்டாம் பயணத்தில் (1772-75) கெண்டல் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்த கடிகாரத்தோடும் வானியலாளர்களோடும் வந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: தென்தீவு 40 கலையும் (ஒரு டிகிரியில் 60 கலை) வடதீவு 30 கலையும் கிழக்கே தள்ளி வரையப்பட்டிருந்தன. குக்கே இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். தரையில் இது தென்தீவின் நடுப்பகுதியில் 53 கிலோமீட்டர், வடதீவில் சுமார் 44. இரண்டுக்கும் உள்ள 10 கலை வித்தியாசம்தான் உங்களைப் படுத்துகிறது.

எனவே முதலில் படத்திலுள்ள அட்ச, தீர்க்கக் கோடுகளை வைத்தே பொருத்துங்கள். அப்புறம் ஒவ்வொரு தீவையும் மேற்கே நகர்த்துங்கள். குக் கிரீனிச்சிலிருந்து மேற்காகவே எண்ணிப் போனவர். 181°36' மேற்கு என்று கண்டால் 360-லிருந்து கழியுங்கள்: 178°24' கிழக்கு. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துவதானால், படத்தை வளைக்காமல் பொருத்தும் 'பாலினோமியல் 1' முறை போதும். 'தின் பிளேட் ஸ்ப்லைன்' வேண்டாம். அது படத்தை வளைத்து நெளித்து எல்லாப் புள்ளிகளையும் உட்கார வைத்துவிடும். குக் எங்கே தவறினார் என்பதே தெரியாமல் போகும்.

சரிபார்க்கும் புள்ளிகளை அவர் நங்கூரமிட்ட இடங்களில் தேர்ந்தெடுங்கள். மெர்க்குரி விரிகுடாவில் 1769 நவம்பர் 9 அன்று கரையிறங்கி, புதன் கோள் சூரியனைக் கடப்பதைக் கவனித்தார்கள். குயின் சார்லட் கடற்காலில் 1770 ஜனவரி நடுவிலிருந்து மூன்று வாரம் தங்கினார்கள். இரண்டும் நல்ல புள்ளிகள்.

மற்ற கரையெல்லாம் ஓடும் கப்பலிலிருந்தே வரைந்தது. ஒரு முனையைத் திசைகாட்டியில் பார்த்துக் கோணம் குறிப்பார்கள். கொஞ்ச தூரம் போய் அதே முனையை மறுபடி பார்ப்பார்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் அந்த முனை. இடையில் ஓடிய தூரத்தை முடிச்சுக் கயிறும் மணற்கடிகாரமும் சொல்லும். நீரோட்டம் கப்பலை ஓசையில்லாமல் தள்ளியிருந்தால் கயிறு அதைக் காட்டாது. அதோடு கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். வடதீவின் மேற்குக் கரையில், மரியா வான் டீமன் முனைக்குத் தெற்கே, 5 முதல் 8 லீக் தொலைவுக்குள் (28-44 கிலோமீட்டர்) நெருங்கியதே அபூர்வம், அதனால் அங்கே பிழை இருக்கலாம் என்று அவரே எழுதி வைத்தார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பேங்க்ஸ் தீபகற்பம் தீவாகவும் ஸ்டூவர்ட் தீவு நிலத்தோடு ஒட்டியும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலாவதில் மலை தெரிந்தது, அதன் பின்னால் இருக்கும் கேன்டர்பரியின் தாழ்ந்த சமவெளி கப்பலிலிருந்து தெரியவில்லை. இரண்டாவதில் தீவுக்குத் தெற்கே சுற்றிப் போனதால் நடுவிலிருந்த நீர்ச்சந்தி கண்ணில் படவில்லை. இந்த இரண்டு இடங்களிலும் புள்ளி வைக்காதீர்கள்.

சின்ன எண்கள் ஆழங்கள், பாகக் கணக்கில். ஒரு பாகம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பு தடவி இறக்குவார்கள். ஒட்டி வருவதைக் கொண்டு அடியில் மணலா, சேறா, சிப்பியா என்பதும் தெரியும். நங்கூரம் பிடிக்குமா என்று அறிய அது அவசியம். குண்டு விழுந்த இடத்தின் ஆழம் மட்டுமே அந்த எண். இரண்டு எண்களுக்கு நடுவே பாறை இருந்திருந்தால் படம் சொல்லாது. படகு ஓட்ட இதை நம்ப வேண்டாம்.