பிரிட்ஜ் ஒட்டும் முன்: கிட்டார் கேள்வி-பதில்

கே: ஸ்டீல் கம்பி கிட்டார். கம்பிகளைத் தாங்கும் மரக்கட்டையான பிரிட்ஜ் முழுசாகக் கழன்றுவிட்டது. அடியில் ஓரமெல்லாம் வார்னிஷ் பளபளக்கிறது. அதன் மேலேயே ஒட்டலாமா?

ப: கூடாது. பசை மரத்தில் ஊறித்தான் பிடிக்கும். 12-53 செட் (மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053) போட்டால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும்; பூச்சின் மேல் ஒட்டிய பசை அதைத் தாங்காது. விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் நடுவில் மட்டும் சுரண்டிவிட்டு, சுற்றிலும் பூச்சை அப்படியே விட்டிருப்பார்கள். கம்பி இழுக்கும்போது முதலில் தூக்குவது பிரிட்ஜின் பின்னோரம். பசை பிடிக்காத இடமும் அதுவே.

கே: பிரிட்ஜை வைத்துச் சுற்றிலும் பிளேடால் ஆழமாகக் கீறிவிட்டு உள்ளே சுரண்டினால் ஓரம் சுத்தமாக வரும் என்கிறார்களே?

ப: தயவுசெய்து வேண்டாம். பழுதுக்கு வரும் கிட்டார்களில் என் வயிறு எரிவது இந்தக் கீறலைப் பார்க்கும்போதுதான். லாக்கர் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அடியில் இருக்கும் ஸ்புரூஸ் மர மேற்பலகையே இரண்டரை, மூன்று மில்லிமீட்டர்தான். அதன் நார் கழுத்திலிருந்து வால் பக்கமாக ஓடுகிறது. பிரிட்ஜ் அதற்குக் குறுக்கே கிடக்கிறது. ஆக, நீள ஓரத்தில் நீங்கள் போடும் கீறல் ஒவ்வொரு நாரையும் அறுக்கிறது, அதுவும் இழுவை அதிகம் விழுகிற இடத்தில். பிறகு பசை நன்றாகவே பிடித்திருந்தாலும், பிரிட்ஜ் ஒரு அடுக்கு ஸ்புரூஸை உரித்துக்கொண்டு எழும். பசை விட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். நார் அறுந்தால் பலகைக்கே வைத்தியம் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கம்பி முனையைப் பிடிக்கும் முளைகளில் இரண்டை அவற்றின் துளைகளில் செருகிப் பிரிட்ஜை அதன் இடத்தில் நிறுத்துங்கள். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நின்று, கூரான உளியைப் படுக்கவைத்தோ ஸ்கிரேப்பர் என்னும் சுரண்டு தகட்டாலோ நார் ஓடும் திசையில் பூச்சை எடுங்கள். முதலில் வெள்ளைப் பொடி வரும். மெல்லிய மரச்சுருள் தலைகாட்டியதும் கையை எடுத்துவிடுங்கள். டார்ச்சைப் பலகையை ஒட்டிச் சாய்வாக அடித்தால், பூச்சு மிச்சமிருக்கும் இடம் மினுக்கும். விட்டுவைத்த அந்த ஒரு மில்லிமீட்டருக்கு ஈடாகப் பிரிட்ஜின் அடி விளிம்பைப் பூச்சின் கனத்துக்குச் சீவிவிடுங்கள். பிரிட்ஜ் மரத்தில் படிந்து உட்காரும், வெளியே இடைவெளியும் தெரியாது.

கே: உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வேலை சுலபம் இல்லையா?

ப: ஓரம் உருண்டுவிடும், பலகை குழியும். ஸ்கிரேப்பர் வாங்குங்கள்.

கே: பெயின்ட் ரிமூவர்?

ப: டேப்புக்கு அடியில் கசிந்து வெளிப்பூச்சையும் கரைக்கும். வேண்டாம்.

கே: அவலரக்கு பாலிஷ் போட்ட ஸ்பானிஷ் கிட்டார். ஸ்பிரிட்டில் துடைத்தால் போதுமா?

ப: அரக்கு கரையும், ஆனால் கொஞ்சம் மரத்துக்குள்ளேயே இறங்கும். ஸ்பிரிட் காய்ந்தபின் ஸ்கிரேப்பர் ஓட்டியே ஆக வேண்டும்.

கே: என் கிட்டாரில் பிரிட்ஜ் தூக்குகிறது. என்ன பசை விடலாம்? சூப்பர் குளூ இருக்கிறது.

ப: நைலான் கம்பியா, ஸ்டீலா? எவ்வளவு தூக்கியிருக்கிறது? ஒரு காகிதத் துண்டு உள்ளே எவ்வளவு தூரம் போகிறது? எதையும் எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? சூப்பர் குளூவை மட்டும் விடாதீர்கள். மரத்தில் ஊறிவிட்டால் பிறகு நல்ல பசை எதுவும் பிடிக்காது. மரவேலைக்கான மஞ்சள் பசை, அல்லது 60 டிகிரிச் சூட்டில் வைத்த வஜ்ஜிரம் (விலங்குத் தோல் பசை), இரண்டில் ஒன்று போதும். பாதி தூக்கிய பிரிட்ஜாக இருந்தாலும் சூடுகாட்டி முழுசாக எடுத்து, இரண்டு பக்கமும் வெறும் மரம் தெரியச் சுரண்டி ஒட்டுவதே வழி. மறுபடி சொல்கிறேன், பிளேடால் கீற வேண்டாம்.

கே: புதிதாகக் கிட்டார் செய்கிறேன். பூச்சை ஸ்ப்ரே அடிப்பதற்கு முன்பே ஏதாவது செய்துவைக்கலாமா?

ப: நல்ல கேள்வி. பிரிட்ஜ் உட்காரும் இடத்துக்கு, அதைவிட ஒரு மில்லிமீட்டர் சிறிதாக டேப்பை வேறு பலகையில் வைத்து வெட்டி, அப்புறம் கிட்டாரில் ஒட்டி அடியுங்கள். கிட்டாரின் மேலேயே வைத்து வெட்டினால் அதுவும் கீறல்தான்.

கே: ஒட்டிய பிறகு எப்போது கம்பி போடலாம்?

ப: கிளாம்ப் அரைமணி, ஒரு மணி நேரம் இருந்தால் போதும். கம்பி போட முழுதாக ஒரு நாள் பொறுங்கள். மழைக்காலமென்றால் இரண்டு நாள்.